கனடாவிலிருந்து வந்த கமராவும் வன்னி வெயிலும்

2024 ஏப்ரல் 6 – விசுவமடுத் தம்பி ஒருவரின் கேள்வி

கனடாவிலிருந்து மாமா ஒரு கமரா அனுப்பியிருக்கிறார். லென்ஸ் மாற்றக்கூடியது, 4கே எடுக்கும். ஆனால் என் வீடியோவைவிட நண்பன் கைத்தொலைபேசியில் எடுப்பது நன்றாக இருக்கிறது, அண்ணா. முகமெல்லாம் கறுத்துப்போகிறது. வீட்டுக்குள் எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறது. கடற்கரையில் எடுத்ததில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கமராவில் பிழையா? வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

ஏப்ரல் 6, இரவு

கமராவில் பிழையில்லை. லென்ஸும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஓர் உறுதியான முக்காலியும் சின்ன ஒலிவாங்கி ஒன்றும் வாங்கலாம். மிஞ்சினால் மாமாவுக்கு ஒரு போத்தல் தேன் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். கோட்டை முதலில் பார்ப்போம். கனடாவில் மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று, நமக்கு 50. அங்கே விற்கும் கமராக்கள் என்.டி.எஸ்.சி. முறையில், வினாடிக்கு 30 அல்லது 60 பிரேம் என்று அமைக்கப்பட்டே வருகின்றன. நம் வீட்டு டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. நம் கண் அதைக் கவனிப்பதில்லை, கமரா விடாது. மெனுவுக்குள் போய் பி.ஏ.எல். முறைக்கு மாற்றுங்கள். 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விடும் நேரம்) 1/50 வினாடி. கோடு நின்றுவிடும். சில கமராக்கள் முறையை மாற்றும்போது மெமரி காட்டை அழித்துப் புதிதாக அமைக்கச் சொல்லும். உள்ளே இருப்பதை முதலில் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டும் நாளைக்கு. இங்கே மின்சாரம் போய்விட்டது. கோட்டுக்கு அதுவும் ஒரு தீர்வுதான்.

ஏப்ரல் 7

முகம் கறுப்பது கமராவின் கணக்கினால் வருவது. காட்சி முழுவதையும் கூட்டிப் பார்த்து, நடுத்தரமான வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. இரணைமடுக் குளக்கட்டில் ஆளை நிறுத்தி, பின்னால் தண்ணீரும் வானமுமாக எடுத்தால், பார்வையில் முக்கால் பங்கு வெள்ளை. கமரா வெளிச்சத்தைக் குறைக்கும். முகம் அடுப்படிச் சுவராகிவிடும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஆளைக் கட்டிலிருந்து இரண்டடி கீழே இறக்கி, பின்னால் வானம் வராமல் மரமோ மண் சரிவோ வரும்படி நிறுத்துங்கள். தானியங்கியை அணைத்து, முகத்துக்கு வெளிச்சம் சரியாக வைத்து, அப்படியே பூட்டிவிடுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். வானத்தை யாரும் பேட்டி காணப் போவதில்லை.

உங்கள் கமராவில் வரிக்குதிரைக் கோடு காட்டும் வசதி இருக்கும். வெளிச்சம் ஓர் அளவைத் தாண்டிய இடத்தில் வரி வரியாகத் தெரியும். முகத்துக்கு அந்த அளவை எழுபது வீதம் வையுங்கள் என்று பழைய கையேடுகள் சொல்கின்றன. அது வெள்ளைத் தோலுக்குப் போட்ட கணக்கு. வயலில் நின்று கறுத்த முகத்துக்கு எழுபது வைத்தால் நெற்றி சுண்ணாம்பு பூசியதுபோலாகும். ஐம்பதை ஒட்டி வைத்துப் பாருங்கள், தோலின் நிறம் நிறமாகவே இருக்கும். கலியாண வீடுகளில் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் மாவில் புரட்டி எடுத்ததுபோல் காட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல ஆசை. ஆனால் அதற்குத்தான் அவர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதும் தெரியும்.

ஏப்ரல் 9

வவுனியாவிலிருந்து ஒரு தங்கை திருத்துகிறார். முறையை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றில்லை, 30 பிரேமிலேயே வைத்துக்கொண்டு ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100 ஆக்கினாலும் கோடு போகும் என்கிறார். சரியான பேச்சு. கோட்டைத் தீர்மானிப்பது ஷட்டர்தான். ஆனால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு மூன்று பேர் எடுத்து வெட்டி ஒட்டுவதென்றால் எல்லாரும் ஒரே பிரேம் கணக்கில் இருப்பது நல்லது. இங்கே பெரும்பாலானோர் 25 என்பதால் 25 என்றேன்.

இன்னொன்று. மலிவான எல்.ஈ.டி. அலங்கார விளக்குகள் இந்த 50, 100 கணக்குக்கெல்லாம் கட்டுப்படாதவை. அவற்றின் மினுக்கம் தனி வேகம். மண்டபத்துக்குப் போனவுடன் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் திரையில் பாருங்கள், கோடு நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். நீல எல்.ஈ.டி. நேரே முகத்தில் விழுந்தால் ஷட்டராலும் பயனில்லை. மண்டபக்காரரிடம் பல்லைக் காட்டி அந்த ஒன்றை அணைக்கச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 15

வருடப்பிறப்பு வாழ்த்துகள். இந்த நாட்களில் நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறது. ஓகஸ்ட் கடைசியிலும் ஒரு தடவை அப்படி நிற்கும். கண் குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். அந்த நேரத்தில் ஆட்களை எடுக்காதீர்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால் வேப்ப மர நிழலுக்குள் கூப்பிடுங்கள். மரத்தின் நடுவில் வேண்டாம், இலைக்கிடையால் விழும் வெயிற்பொட்டுகள் முகத்தில் ஆடும். நிழலின் ஓரத்தில், வெளிச்சப் பக்கம் பார்க்க நிறுத்துங்கள். வெயில் படாது, வெளியிலுள்ள கிறவல் முற்றம் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் எறியும். கிறவலின் செம்மையும் கொஞ்சம் சேர்ந்து வரும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் ஒரு வெள்ளைச் சேலையை விரித்துக்கொள்ளுங்கள்.

1/50 ஷட்டரில் பகலில் எல்லாம் வெளுத்துப் போகிறதே என்று அதே தம்பி கேட்கிறார். போகத்தான் செய்யும். கொளுத்தும் வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் 1/100 என்றால் துவாரம் எஃப் 16 இருக்க வேண்டும் என்பது பழைய படப்பிடிப்புக் கணக்கு. 1/50 ஆக்கினால் எஃப் 22. எண் கூடினால் துவாரம் சிறுக்கும். அவ்வளவு சிறிய துவாரத்தில் லென்ஸின் கூர்மை மழுங்கும், கண்ணாடியில் ஒட்டிய தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஷட்டரைக் கூட்டினாலோ, அசைவெல்லாம் வெட்டி வெட்டி வரும். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சில்லு சுற்றாமல் துடிப்பதுபோல் இருக்கும். இதற்குத்தான் என்.டி. வடிகட்டி என்ற கறுப்புக் கண்ணாடி. ஒரு படி என்றால் வெளிச்சம் பாதியாவது. என்.டி. 8 மூன்று படி குறைக்கும், அதே வெயிலில் எஃப் 8 வைத்து எடுக்கலாம். என்.டி. 64 ஆறு படி, எஃப் 2.8 வரை திறக்கலாம். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 8 போதும். சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் வகையும் உண்டு, மலிவானதில் முழுதாகச் சுழற்றும்போது நடுவில் குறுக்குக் கறுப்பு விழும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஏப்ரல் 28

மூன்றாவது, சத்தம். இதை முதலிலேயே எழுதியிருந்தால் மற்றதை ஒருவரும் வாசித்திருக்கமாட்டார்கள் என்று பின்னுக்கு வைத்தேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சனம் இருந்து பார்க்கும். பேச்சு விளங்காவிட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். ஆளைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி அவரை நோக்கிக் கமராவைப் பிடித்தால், உங்கள் முதுகில் படும் அதே காற்றுத்தான் கமராவின் துளை ஒலிவாங்கியைச் சுற்றியும் சுழல்கிறது. கிடைப்பது உறுமல் மட்டும். பஞ்சு உறை இந்தக் காற்றுக்குக் காணாது. மயிரடர்ந்த உறை வேண்டும். வாங்க முடியாவிட்டால் பழைய கரடிப் பொம்மையின் தோலை உரித்துத் தைத்துக்கொள்ளுங்கள், என்னுடையது அப்படித்தான் இருக்கிறது. மகள் இன்னும் மன்னிக்கவில்லை.

அதைவிடப் பெரிய மருந்து, கிட்டப் போவது. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் பேச்சு ஆறு டெசிபெல் கூடும், காற்றும் அலையும் இருந்தபடி இருக்கும். எனவே சட்டையில் செருகும் சின்ன ஒலிவாங்கி. சேலை என்றால் தோள் மடிப்புக்குள் வைத்து, வயர் உரசாமல் ஒட்டுநாடாவால் ஒரு சின்ன வளையம் விட்டு ஒட்டுங்கள். சங்கிலி போட்டிருந்தால் மறு பக்கம் தள்ளச் சொல்லுங்கள், அது ஒவ்வொரு மூச்சுக்கும் கிணுகிணுக்கும். கமராவோடு பொருத்த வயர் இல்லாவிட்டால் கைத்தொலைபேசியை அவருடைய சட்டைப் பைக்குள் பதிவில் வைத்து, தொடக்கத்தில் ஒரு தடவை கை தட்டுங்கள். பிறகு கணினியில் அந்தத் தட்டலைப் படத்திலும் ஒலியிலும் ஒன்றாக வைத்தால் மற்றது தானாகச் சேர்ந்துவிடும்.

தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணையுங்கள். ஆள் மூச்செடுக்க நிறுத்தும் இடத்திலெல்லாம் அது இரைச்சலைத் தூக்கிக்கொண்டு வரும்.

வீட்டுக்குள் என்றால் மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி இரண்டையும் நிறுத்த வேண்டும். பெட்டியை நிறுத்தும்போது உங்கள் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வையுங்கள். வெளிக்கிடும்போது திறப்பைத் தேடிப் போவீர்கள், பெட்டியையும் போடுவீர்கள். இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் மீன் நாறும், அடுத்த தடவை உங்களை வாசலில் ஏற்றமாட்டார்கள்.

மே 2

கரைவலை இழுப்பதை எப்படி எடுப்பது என்று அளம்பிலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இது எனக்குப் பிடித்த விடயம், கொஞ்சம் நீளும்.

பலரும் செய்வது, கமராவைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுவது. இழுக்கிறவர்கள் ஒரே தாளத்தில் பின்னுக்குப் போகிறார்கள், கமரா வேறு தாளத்தில் ஆடுகிறது. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். அசைவு முழுவதும் உங்கள் முன்னால் நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் ஏன் அசைய வேண்டும்? முக்காலியை ஊன்றி நில்லுங்கள். பதிவை அமுக்கிய பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்துக்கு முன் கை பரபரக்கும், விடாதீர்கள். பிறகு வெட்டும்போது அந்தப் பத்தில் குறைந்தது ஐந்து வினாடி உதவும்.

மணலில் முக்காலியின் கால் இறங்கிக்கொண்டே போகும். மூன்று காலுக்கும் கீழே சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் இறங்காது. நடுவில் கொக்கி இருந்தால் பாதி மணல் நிரப்பிய உரப்பையை, அடி நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தொங்கவிடுங்கள். அந்தரத்தில் தொங்கினால் அது ஊஞ்சலாடி முக்காலியையும் ஆட்டும்.

முதலில் தூரத்திலிருந்து முழுக் கரையும்: இரண்டு பக்கக் கயிறு, நடுவில் கடல். பிறகு கிட்ட. ஈரக் கயிற்றில் பிடி மாறும் கைகள். குதிக்கால் மணலுக்குள் புதைந்து, விரல் விரிந்து, அடுத்த இழுவைக்கு எழும்புவது. கயிற்றைச் சுருட்டி வைக்கிறவர். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் முகம். வலையின் மடியில், அதாவது மீன் சேரும் பையில், என்ன இருக்கிறது என்பதை எல்லாருக்கும் முன் அறிந்தவர்போல் அவர் நிற்பார், அதை அரை நிமிடமாவது எடுங்கள். மடி கரைக்கு வரும்போது சனம் குவியும், உங்களுக்கு இடம் கிடைக்காது. எனவே அதற்கு முன்பே தண்ணீர்ப் பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். கயிற்றின் ஒரு பக்கத்தில் நின்று தொடங்கினால் முடியும் வரை அந்தப் பக்கமே நில்லுங்கள். மறு பக்கம் தாண்டி எடுத்தால், வெட்டி ஒட்டும்போது முதற்காட்சியில் இடப்புறம் இழுத்தவர்கள் அடுத்த காட்சியில் வலப்புறம் இழுப்பார்கள். வலையைத் திரும்பக் கடலுக்குள் விடுகிறார்கள் என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவையும் முக்காலியின் பூட்டுகளையும் துடையுங்கள். உவர் காய்ந்தால் பூட்டு இறுகிவிடும்.

மே 28

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். கற்பூரச்சட்டி எடுக்கும் பெண்களை எடுத்த எல்லாவற்றிலும் நெருப்பு வெள்ளைக் கட்டியாகவும் முகம் இருட்டாகவும், அல்லது முகம் பளிச்சென்றும் நெருப்பு காணாமலும். கமராவைத் தானியங்கியில் விட்டால், சட்டி ஆடும்போது வெளிச்சமும் கூடிக் கூடிக் குறையும். ஷட்டர் 1/50, துவாரம் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600 என்று தொடங்கி, நெருப்பு அவருடைய முகத்தில் போடும் வெளிச்சத்துக்கு மட்டும் அளவு பார்த்துப் பூட்டுங்கள். வெள்ளைச் சமநிலையையும் தானியங்கியில் விட வேண்டாம், அது நெருப்பின் மஞ்சளைக் கழுவி வெளிறச் செய்யும். 3200இலிருந்து 4000 கெல்வினுக்குள் ஒன்றில் நிறுத்துங்கள்.

தானியங்கிக் குவியமும் சனத்துக்குள் தடுமாறும். முன்னால் ஒரு தலை குறுக்கே போனால் அதைப் பிடித்துக்கொண்டு போகும். கையால் குவியம் வைத்து, எதிர்பார்த்த இடத்துக்கு அவர் வரும்வரை காத்திருங்கள்.

நேர்த்திக்கடன் தீர்க்கிறவரின் முகத்துக்கு நேரே ஒளிவிளக்கைப் பிடிக்காதீர்கள். இதற்கு மேல் என்னத்தைச் சொல்ல.

ஜூன் 11

"பொங்கலில் மடை பரவும் நேரம் பார்த்துக் கமரா தானாக நின்றுவிட்டது, சூடாகிவிட்டதா?" – முழங்காவில் அண்ணர்.

எத்தனை நிமிடத்தில் நின்றது, அண்ணா? அரை மணித்தியாலத்துக்கு ஒரு வினாடி குறைய என்றால் அது சூடல்ல, வரி. தொடர்ந்து 30 நிமிடம் பதியக்கூடிய கருவியை ஐரோப்பியச் சுங்கம் வீடியோக் கமராவாகக் கணக்கெடுத்துக் கூடுதல் வரி போட்டது. படக் கமராவாகவே வைத்திருக்க, நிறுவனங்கள் 29 நிமிடம் 59 வினாடியில் நிறுத்திவிட்டன. ஐரோப்பாவில் போட்ட வரியை முல்லைத்தீவில் அம்மாள் வாசலில் கட்டுகிறோம். புதிய கமராக்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லை. உங்களுடையதில் இருந்தால், முக்கியமான கட்டத்துக்கு முன்னால் நீங்களே நிறுத்தி உடனே தொடங்கிவிடுங்கள். இன்னும் பழைய கமராக்களில் 12 நிமிடமளவில் நிற்கும். அது மெமரி காட்டில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாததால் வருவது.

காட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 4கேயில் வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் போகும். வேகக் குறியாக வி 30 என்று அச்சிட்ட காட் போதும். சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்தால் அச்சை நம்பாமல், முழுவதும் நிரப்பிப் பார்த்த பிறகே கலியாண வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஜூலை 20

அசையாமல் நில் என்கிறீர்கள், கூத்தை எப்படி எடுப்பது என்று முள்ளியவளையிலிருந்து ஒரு கேள்வி. நியாயம். கோவலன் கூத்தைத் தூரத்தில் ஒரு முக்காலியில் வைத்து விடிய விடிய எடுத்தால் அது பதிவேடாகும், கூத்தாகாது. அதற்காக முகத்தை முகத்தை இழுத்துக் கிட்டவாக்குவதும் சரியில்லை. ஆட்டம் காலில் இருக்கிறது, கமரா மூக்கில் நிற்கிறது. சதங்கைச் சத்தம் கேட்கும், கால் தெரியாது. தலையிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு பார்வை எப்போதும் ஓடட்டும், அது முக்காலியில். இன்னொரு கமரா கையில் இருக்கட்டும், கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் அது. வாங்க முடியாவிட்டால் இரண்டாவது கமரா உங்கள் நண்பனின் கைத்தொலைபேசிதான். அதுதான் நன்றாக வருகிறது என்று தம்பி சொன்னாரே.

கையில் பிடிக்கும்போது முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டுங்கள். கழுத்துப் பட்டியை இழுத்து விறைப்பாக வையுங்கள். கமராவைத் திருப்பும்போது, ஒரு பொருள் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு வினாடியாவது எடுக்கட்டும்.

ஓகஸ்ட் 14

மடு மாதா கோவிலுக்குப் போகிற பஸ்களைப் பார்த்தபடி எழுதுகிறேன். நாளை பெருநாள்.

தன் அம்மம்மாவைப் பேச வைத்து எடுக்க விரும்பும் ஒரு பிள்ளைக்கு: கமராவை அவருடைய கண் மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். கதிரையில் இருக்கிறவரை நின்றுகொண்டு எடுத்தால் விசாரணைபோல் இருக்கும், இங்கே அந்தத் தோற்றம் யாருக்கும் வேண்டாம். லென்ஸை ஒட்டி நீங்கள் இருந்து, உங்களோடு பேச விடுங்கள். எடுக்கலாமா என்று கேளுங்கள், யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இடையில் "அதை நிற்பாட்டு" என்றால் அந்தக் கணமே நிறுத்தி, பதிவு நின்றதைத் திரையில் காட்டுங்கள். அழும்போது கிட்ட இழுக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இலிருந்து வீதியோரம் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீரை எடுத்தவர்கள் எண்ணிக்கையில்லை. அவர்கள் சொன்னதை முழுவதும் எடுத்தவர்கள் குறைவு.

எடுத்ததை அன்றிரவே இரண்டாகப் பிரதி செய்யுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. 2009க்கு முந்திய ஒரு படமும் இல்லாத வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ. கலியாண வீடியோ திரும்பக் கிடைத்த குடும்பங்களுக்கும், அக்காலத்தில் ஒரு பிரதி லண்டனுக்கோ பாரிசுக்கோ போயிருந்ததால்தான் கிடைத்தது. மாமா கனடாவில் இருப்பது கமரா அனுப்ப மட்டுமல்ல.

செப்டெம்பர் 3

ட்ரோன் பற்றிக் கேட்பவர்களுக்கு: சிவில் விமான அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டுப் பிறகு என்னைக் கேட்டு எழுதாதீர்கள். பனை மரத்தில் சிக்கினால் ஏறி எடுக்க ஆள் பிடித்துத் தரலாம், அவ்வளவுதான்.

ஒக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. இதுவரை தூசி பற்றி ஒருவரும் கேட்கவில்லை, இப்போது பூஞ்சணம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். லென்ஸுக்குள் வெள்ளை நூலாய்ப் படர்வது அதுதான். தோல் பையில், அலுமாரிக்குள் இருட்டில் வைத்தால் மாரி முடிவதற்குள் வந்துவிடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், இடைக்கிடை எடுத்துப் பாவியுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பவர்களுக்குத் தவிட்டுத் தூள் மட்டுமே மிச்சம். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் பையைத் திறக்கவும் வேண்டாம், கண்ணாடி வியர்த்துவிடும். கொஞ்ச நேரம் மூடியபடி வெளிச்சூட்டுக்கு வரட்டும்.

நீலச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைட் நஞ்சு. சமைக்கும் சட்டியில் வறுக்காதீர்கள், பழைய சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டி என்று வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.